மரமில்லாத மேடு

டாமரக் முனை கேம்பிங் பார்க்கின் வாசலிலேயே டேரில் பிக்கப் வண்டியை நிறுத்தினான். பின்னால் இழுத்து வந்த டிரெய்லர் வீடு பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே, ஏரியை ஒட்டி, அவனுடைய அண்ணன் ஆர்லன் தன் டிரெய்லரைப் போட்டு நாற்காலிகளையும் விரித்துவிட்டான். பக்கத்து இடம் காலி. இவர்களுக்கென்று குளிர்காலத்திலேயே சொல்லி வைத்த இடம்.

டேரிலின் மனைவி மாரிட் அந்த இடத்தைப் பார்க்கவில்லை. அண்ணாந்து பார்த்தாள். அடியில் ஒரு கிளைகூட இல்லாமல் நெடுநெடுவென்று வளர்ந்து, உச்சியில் மட்டும் தலை கனத்து நின்றன கிழட்டுப் பைன் மரங்கள்.

"இங்க வேணாம், டேரில்."

"ஆரம்பிச்சிட்டியா?"

இரண்டு கோடைக்கு முன்னால் வேறொரு ஏரிக்கரையில் கூடாரம் போட்டிருந்தார்கள். மகள் சில்வி தூங்கி எழுந்து பல் விளக்கப் போனாள். அவள் அந்தப் பக்கம் போனதும், இலைகூட அசையாத காலையில், ஒரு கிளை முறிந்து கூடாரத்தைக் கிழித்து அவள் தலையணையில் இறங்கியது. அதற்குப் பிறகுதான் டேரில் டிரெய்லர் வாங்கினான். அத்தோடு மனைவியின் பயமும் தீர்ந்தது என்று அவன் நினைத்திருந்தான்.

ஆர்லன் கையில் பீர் டப்பாவோடு வந்து ஜன்னலில் சாய்ந்தான். "என்ன மகாராணி, இடம் பிடிக்கலையா? மரத்தையெல்லாம் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லட்டுமா?"

"சொல்லிப் பாருங்க. கேட்டுச்சுன்னா நானும் வந்துடறேன்."

"மத்தியானம் புயல் வரும்னு போட்டிருக்கான், அண்ணா. அதுல பயந்துட்டா" என்றான் டேரில்.

"ஜூலைல எந்த நாள்தான் போடல?"

பின் சீட்டில் சில்வி கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டிருந்தாள். தண்ணீரோரம் பெரியப்பா மகள் டெஸ் இரண்டு கையையும் ஆட்டிக் கூப்பிட்டாள். ஆனாலும் மாரிட் இறங்கவில்லை. டேரில் பல்லைக் கடித்தபடி வண்டியைப் பின்னால் எடுத்தான்.

அவள் தேடிப் பிடித்த இடத்துக்கு ஸ்வென்சன் மேடு என்று பெயர். நெடுஞ்சாலையோரம், பெட்ரோல் பங்குக்குப் பின்னால், ஜல்லி கொட்டிய மொட்டை மேடு. மருந்துக்கும் ஒரு மரம் கிடையாது. ஏரி தூரத்தில் ஒரு நூல் மாதிரி தெரிந்தது. லாரி போகும்போதெல்லாம் டிரெய்லரின் தட்டுகள் கிணுகிணுத்தன.

"நம்ம பொண்ணு ஏரியைப் பாக்க வந்தா. பெட்ரோல் போடறதப் பாக்க இல்ல" என்று சொல்லிவிட்டு, டேரில் டிரெய்லரைக் கழற்றிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தான். சில்வி டிரெய்லருக்குள் போய்ப் படுத்து அழுதாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஆர்லனே வந்தான், டெஸ்ஸோடு. "சில்வியையாவது விடு, மாரிட். கொஞ்ச நேரம் நீந்திட்டு வரட்டும்."

அழுது வீங்கிய மகளின் முகத்தைப் பார்த்ததும் மாரிட்டுக்கு மறுக்க வாய் வரவில்லை. "கண்ணை எடுக்காம பாத்துக்கங்க. போனைக் கையில வச்சிருங்க."

"உத்தரவு, அம்மணி."

அவர்கள் போனபின் காற்று செத்துவிட்டது. ஈக்கள் கணுக்காலில் கடித்தன. உருளைக்கிழங்கு சாலட்டை மூடி வைக்க எழுந்தவள் மேற்கே பார்த்தாள். அடிபட்ட இடம் கன்றிப்போன மாதிரி ஒரு நிறம், அடிவானம் முழுக்க. அதே சமயம் இருவர் போனும் சேர்ந்து அலறின. பலத்த சூறைக்காற்று வருகிறது, உடனே ஒதுங்குங்கள் என்றது செய்தி.

டேரில் அண்ணனுக்குப் போன் அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது.

"நீந்திட்டிருப்பாங்க."

"வண்டியை எடு."

"டிரெய்லர் முன்னாடி நிழல்துணியை மடிச்சிடறேன். பறந்துடும்."

"பறந்து போகட்டும், டேரில். எடு."

டாமரக் முனையில் ஆர்லனின் மேசைமேல் போன் குப்புறக் கிடந்தது. நாற்காலிகளில் ஆளில்லை. தண்ணீரில் ஆளில்லை. படகுத்துறையில் படகும் இல்லை.

பக்கத்து இடத்துக்காரர் பொருள்களை அள்ளி உள்ளே போட்டுக்கொண்டிருந்தார். "பொண்ணுங்க மீன் பிடிக்கணும்னு ஒரே பிடிவாதம். தீவுக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போனாரு" என்றார்.

ஏரி தகரம் மாதிரி அசையாமல் கிடந்தது. தீவு கறுப்பாக நடுவில். அதற்கும் எதிர்க்கரை மரங்களுக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு மேற்கு வானம் தெரியவே தெரியாது என்பது மாரிட்டுக்கு உறைத்தது. டேரில் யாருடையதோ ஒரு சின்னப் படகின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.

அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நீயும் போயிட்டா நான் யாரைப் பாத்துக்கிட்டு நிக்கறது?"

"பின்ன சும்மா நிக்கச் சொல்றியா?"

அவள் ஓடினாள். பிக்கப்பைத் தண்ணீர் விளிம்புவரை இறக்கி, விளக்கைப் போட்டு, ஹார்னில் முழங்கையை ஊன்றி அழுத்தினாள். கையை எடுக்கவே இல்லை. விஷயம் புரிந்து பக்கத்து இடத்துக்காரரும் தன் வண்டி ஹார்னை அழுத்தினார். சத்தம் தண்ணீரில் ஓடிப் போனது. தீவு அப்படியே நின்றது. அவள் வாய் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. என்னவென்று அவளுக்கே தெரியாது.

தீவின் முனையில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. படகுதான்.

அதற்குப் பின்னால், ஏரியின் அகலம் முழுக்க, ஒரு வெள்ளைக் கோடும் வந்தது. காற்று தண்ணீரைச் சீவிக்கொண்டு வந்தது. ஆர்லன் மோட்டாரின் மேல் குனிந்திருந்தான். பெண்கள் இருவரும் மிதவைச் சட்டையோடு படகின் அடியில் ஒட்டிப் படுத்திருந்தார்கள். படகு துறையில் மோதியதும் டேரில் இருவரையும் ஆளுக்கொரு கையால் தூக்கினான்.

"டிரெய்லருக்குள்ள போங்க!" என்றான் ஆர்லன்.

"டிரெய்லர் வேணாம். குளியலறைக் கட்டடம்" என்றாள் மாரிட். இந்தத் தடவை யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

சிமென்ட் கல்லால் கட்டிய அந்தச் சின்னக் கட்டடத்துக்குள் ஏற்கெனவே நிறையப் பேர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அண்ணனும் தம்பியும் கதவுக்குத் தோள் கொடுத்தார்கள். முதலில் ரயில் வருவது போல ஓர் இரைச்சல். பிறகு மரங்கள் முறியத் தொடங்கின, ஒவ்வொன்றும் வேட்டு வெடித்த மாதிரி. விளக்கு அணைந்தது. மாரிட் இரண்டு பெண்களையும் ஷவர் மூலையில் தள்ளி மேலே கவிந்துகொண்டாள்.

"அம்மா, நான் ஒரு மீன் பிடிச்சேன்" என்றாள் சில்வி அவள் மார்புக்குள்ளிருந்து.

"எவ்ளோ பெருசு?"

"கையை விட்டாத்தானே காட்டுவேன்."

அவள் விடவில்லை.

காற்று அடங்கிக் கதவைத் திறந்தபோது, வெளியே மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. அவரவர் வீட்டாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி அலைந்தார்கள். ஒருவருக்குக் கை முறிந்திருந்தது. உயிர் போகவில்லை. ஆர்லனின் டிரெய்லர் ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றது. பக்கத்தில் இவர்களுக்கு வைத்திருந்த இடத்தில் நாலு பைன் காய்கள் உதிர்ந்து கிடந்தன, அவ்வளவுதான்.

மாரிட் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரம்பத்தால் மரங்களை அறுத்துச் சாலையைத் திறக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. எல்லோருமாக மேட்டுக்குப் போனார்கள். தடுக்க ஒரு மரமும் இல்லாத அந்த மேட்டில் காற்று டிரெய்லரை உருட்டிக்கொண்டே போய், பெட்ரோல் பங்கின் வேலியில் தலைகீழாகச் சாத்தியிருந்தது. சில்வி படுக்கும் பக்கம் நசுங்கி உள்ளே போயிருந்தது. மத்தியானம் அவள் அழுதுகொண்டு படுத்திருந்த படுக்கை.

மாரிட் ஜல்லியிலேயே உட்கார்ந்தாள். "சொல்லு, டேரில்."

"என்ன சொல்ல?"

"நான் பிடிச்ச இடம் இது."

"நாம யாரும் உள்ள இல்ல" என்றான் டேரில். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

ஆர்லன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "போனை மறந்துட்டுப் போனது என் தப்பு, மாரிட். அந்த ஹார்ன் கேக்கலன்னா, நான் இன்னும் தூண்டிலைப் போட்டுட்டு உக்காந்திருப்பேன்." கொஞ்சம் பொறுத்து, "ராத்திரிக்கு எல்லாரும் எங்க டிரெய்லர்ல படுத்துக்கலாம்" என்றான்.

"அந்த மரத்தடியில நான் படுக்க மாட்டேன், ஆர்லன். இப்பவும் மாட்டேன்."

டேரில் அவளைப் பார்த்தான். ஆர்லன் தொப்பியை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினான்.

அவர்கள் டாமரக் முனைக்குத் திரும்பியபோது அவன் தன் டிரெய்லரைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தான். ஈரத்தில் சக்கரம் வழுக்கியது. முணுமுணுப்பாகத் திட்டிக்கொண்டே, பைன்களின் அடியிலிருந்து அதை இழுத்து வந்து, குளியலறைக் கட்டடத்துக்குப் பக்கத்தில், கார் நிறுத்தும் வெட்டவெளியில் நிறுத்தினான்.

"இங்க சரியா?" என்று கேட்டான்.

மாரிட் அண்ணாந்து பார்த்தாள். "சரி" என்றாள்.