கால் முன்னமோ, கிற்றார் முன்னமோ

றெஜினா மாமி சப்பாத்து இரண்டையும் ஒரு சீலைப் பைக்குள் போட்டு நிலூஷாவின் கையில் திணித்தார்.

"ஓடு. இருட்டுறதுக்கு முன்னம் பெட்டியை எடுத்திடுவாங்கள். என்ர தம்பியை வெறுங்காலோட கொண்டுவரப் போறாங்கள்."

அப்பாவின் உடலைக் கொண்டுபோயிருந்த பொரளை மலர்ச்சாலையிலிருந்து அப்போதுதான் அழைப்பு வந்திருந்தது. கோட், களிசான், டை, வெள்ளைக் காலுறை எல்லாம் இருக்கின்றன, சப்பாத்து எங்கே என்று கேட்டார்களாம். உடுப்புகளை மடித்து அனுப்பியது அம்மா. வெள்ளவத்தையில் ஒரு சைவ வீட்டில் பிறந்தவர். கொட்டாஞ்சேனையில் இத்தனை வருடம் வேதக்காரர்கள் நடுவில் வாழ்ந்தும், செத்தவரின் காலில் சப்பாத்து மாட்டுவார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"சாமியிட்டப் போறவருக்குச் சப்பாத்து என்னத்துக்கு?" என்று அம்மா கேட்டார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

"உங்கட ஆக்கள் மாதிரி இல்லை சுபோதினி. நாங்கள் மனுசரை மனுசராத்தான் அனுப்புவம்."

அம்மா கதிரையின் கையைத் தடவிக்கொண்டிருந்தார். இன்று விடிய அப்பா தேத்தண்ணீர்க் கோப்பையோடு சாய்ந்தது அந்தக் கதிரையில்தான்.

நிலூஷா படியிறங்கினாள். பைக்குள் சப்பாத்துகள் ஒன்றோடொன்று முட்டின. நேற்று இரவு அப்பா அவற்றைக் கதவுக்கு வெளியே கடதாசி விரித்து மினுக்கினார். இன்று பின்னேரம் போட்டுக்கொண்டு போவதற்காக. ஸ்பெயினிலிருந்து ஒரு ஃப்ளமெங்கோ ஆட்டக் குழு வந்திருந்தது. ஒரேயொரு காட்சி. புறக்கோட்டையில் அப்பா வேலை செய்த இரும்புக் கடை முதலாளி ஹஸன் ஹாஜியார் இரண்டு பாஸ் கொடுத்திருந்தார். இரண்டும் நிலூஷாவின் கைப்பைக்குள் கிடந்தன.

வேலை முடிந்து வந்தால் அப்பா கிற்றாரை எடுத்துவிடுவார். வாசிக்க வாசிக்க அவருடைய குதிக்கால் தரையை அடிக்கத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் கீழ்வீட்டு லுத்பியா ஆன்ட்டி தும்புத்தடிக் கட்டையால் தன் வீட்டுச் சீலிங்கில் இரண்டு தரம் இடிப்பார். போதும் என்று அர்த்தம். அப்பா குதிக்காலால் ஒரேயொரு தரம் அடித்துவிட்டுக் கிற்றாரை மூடி வைப்பார். அம்மாவுக்கு ஒவ்வொரு நாளும் வெட்கமாக இருக்கும். "கீழ்வீட்டுச் சனம் எங்களை என்னெண்டு நினைக்கும்?"

அப்பாவுக்கு வேறு கவலை. கைப்பேசியில் அந்த ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார். "இதில விளங்குதில்லை மகள். பொம்பிளையின்ர கால் கிற்றாருக்குப் பின்னால போகுதோ, கிற்றார் காலுக்குப் பின்னால போகுதோ? நேரில பார்த்தாத்தான் பிடிபடும். கிற்றார்தான் முன்னம் எண்டு நான் சொல்லுறன்."

"கால் முன்னமோ கிற்றார் முன்னமோ எண்டு தெரிஞ்சா அரிசி விலை குறையப் போகுதோ?" என்பார் அம்மா.

த்ரீவீல் நெரிசலில் நின்று நின்று போனது. நிலூஷாவின் வெள்ளை உடுப்பைக் கண்ணாடியில் பார்த்த ஓட்டுநர், "பன்சலட்டத நங்கி?" என்று கேட்டார். வெள்ளை போட்டால் புத்த விகாரைக்குப் போகிறாளாம். அவள் தலையாட்டினாள். கைப்பையைத் திறந்தாள், மூடினாள். மலர்ச்சாலைக்கு நேரே போக வேண்டும். நாளைக்கு அந்தக் குழு போய்விடும். நாளைக்கு அப்பாவும் மண்ணுக்குள் போய்விடுவார். சந்தி வந்ததும் அவளுடைய வாய் வலது பக்கம் திருப்பச் சொன்னது. ஒரு பாட்டு. ஒன்றேயொன்று. பிறகு ஓடிவிடலாம்.

மண்டபத்து வாசலில் சனம் உள்ளே போய் முடிந்திருந்தது. காவலாளி பாஸைப் பார்த்துவிட்டு அவளுடைய மணிக்கட்டில் செம்மஞ்சள் கடதாசிப் பட்டி ஒன்றை ஒட்டினார். பையைத் திறந்து ரோர்ச் அடித்துப் பார்த்தார். கறுப்புச் சப்பாத்துகள் பளபளத்தன.

"ஆ, மேடைக்கா?" என்று அவசரப்பட்டார். "அவங்க தொடங்கிட்டாங்க. இந்தப் பக்கம், இந்தப் பக்கம்."

இல்லை என்று சொல்ல அவள் வாய் திறந்தாள். அதற்குள் அவர் ஒரு பக்கக் கதவைத் தள்ளிவிட்டார். அவள் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றாள். மேடை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

கறுப்புப் பாவாடை போட்ட ஒரு பெண். அம்மாவின் வயது இருக்கும். இரண்டு ஆண்கள் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தொண்டை கிழியப் பாடினார், சண்டை பிடிப்பதைப்போல. கதிரையில் மெலிந்த மனிதர் ஒருவர் கிற்றாரோடு குனிந்திருந்தார். கால்கள் பலகையை அடித்தபோது அந்த அதிர்வு நிலூஷாவின் செருப்பு வழியாக ஏறி முழங்கால்வரை வந்தது. கைப்பேசியில் இது வந்ததேயில்லை.

அவள் கிற்றார்க்காரரின் விரல்களைப் பார்த்தாள். பிறகு அவருடைய கண்களைப் பார்த்தாள். அவர் தந்திகளைப் பார்க்கவில்லை. ஒரு கணமும் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் சப்பாத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார், வீதியைக் கடக்கிற பிள்ளையைப் பார்ப்பதைப்போல. அவள் கால் தூக்கி நிறுத்தினால் அவருடைய கையும் தந்திக்கு மேலே நின்றது. பாடினவரும் நின்றார். மண்டபம் முழுவதும் மூச்சுக்கூட இல்லை. குதிக்கால் விழுந்தது. அதற்குப் பிறகுதான் கிற்றார் விழுந்தது.

நிலூஷா சொல்வதற்காகப் பக்கத்தில் திரும்பினாள். அங்கே வெறும் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று தொடங்கியது. எத்தனை என்று அவளுக்குத் தெரியவில்லை. வெளியே வந்தபோது வீதி விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

மலர்ச்சாலை வாசலை ஒருவர் குழாய் பிடித்துக் கழுவிக்கொண்டிருந்தார். "கொட்டாஞ்சேனைப் பெட்டியா? இப்பதான் போச்சு."

வீட்டில் பெட்டியை நடுக்கூடத்தில் வைத்திருந்தார்கள். அப்பாவின் கால்கள் வெள்ளைக் காலுறைக்குள் மேல்நோக்கி நின்றன. மாமி அவளைக் கண்டதும் எழும்பி வந்தார்.

"எங்க போனனீ?"

"ட்ரஃபிக் மாமி."

"பொரளைக்குப் போனியோ, யாழ்ப்பாணத்துக்குப் போனியோ?"

மாமி சப்பாத்தைப் பறித்து, நூலை முழுதாகத் தளர்த்திக் காலில் ஏற்றப் பார்த்தார். விறைத்த கால் மடியவில்லை. இன்னொரு தரம் தள்ளிப் பார்த்தார். பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டே அழுதார். அம்மாதான் எழும்பிப் போய் வாங்கினார். இரண்டையும் சேர்த்துப் பெட்டிக்குக் கீழே வைத்தார். வீட்டுக்குள் சப்பாத்து வைக்க ஒருநாளும் விடாதவர்.

திரும்பி வந்து நிலூஷாவுக்குப் பக்கத்தில் இருந்தபோது அம்மாவின் பார்வை அவளுடைய மணிக்கட்டில் நின்றது. செம்மஞ்சள் பட்டி அங்கேயே இருந்தது. நிலூஷா அசையவில்லை. அம்மா அவளுடைய சட்டைக் கையைப் பிடித்துக் கீழே இழுத்து, பட்டியை மூடிவிட்டார்.

மாமி செபமாலையைத் தொடங்கினார். எல்லோருடைய வாயும் அசைந்தது. அம்மா குனிந்து, உதடு தெரியாமல் கேட்டார்.

"எது முன்னம்?"

"கால்."

அம்மா பெட்டியைப் பார்த்தார். "மற்றதெண்டெல்லோ சொன்னவர்."

செபமாலை முடிந்தது. மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. லுத்பியா ஆன்ட்டி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பிளேன்டித் தட்டோடு வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தார்.

"குடிங்க மகள். காலையில இருந்து ஒண்டும் திங்கல்ல நீங்க."

நிலூஷா கோப்பையை எடுத்தாள். ஆன்ட்டி நகராமல் நின்றார். தரையைப் பார்த்தார். அப்போதுதான் நிலூஷாவுக்குத் தெரிந்தது, தன்னுடைய குதிக்கால் தரையை அடித்துக்கொண்டிருக்கிறது. எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை. நிறுத்தப் பார்த்தாள். அது நிற்கவில்லை.

மாமி தலையைத் தூக்கினார்.

லுத்பியா ஆன்ட்டி சீனிக் கரண்டியை எடுத்து, தட்டின் விளிம்பில் மெல்ல இரண்டு தரம் தட்டினார்.

நிலூஷாவின் கால் நின்றது.

பக்கத்துக் கதிரையில் அம்மா சேலைக் கரையைக் கொஞ்சம் ஒதுக்கினார். அவருடைய குதிக்கால் ஒரேயொரு தரம் தரையில் விழுந்தது.