பிஸ்கட் டின்னுக்குள் ரூட்டர்

ரூட்டரை பிஸ்கட் டின்னுக்குள் வைத்தது நான்தான். ஹாலில் ஒயர்கள் தொங்குவதைப் பார்த்துப் பார்த்து எரிச்சலாகி, பழைய டின் ஒன்றின் பக்கத்தில் ஓட்டை போட்டு, ரூட்டரை உள்ளே உட்கார வைத்து, பூப்போட்ட மூடியை அழுத்தி மூடினேன். தள்ளி நின்று பார்த்து என்னை நானே மெச்சிக்கொண்டேன். மெச்ச வேறு யாரும் முன்வரவில்லை. அன்று சாயங்காலமே ஹால் கேமரா கண்ணை மூடிக்கொண்டது.

அந்தக் கேமராவை நம்பித்தான் என் மனைவி வெளியூருக்கே போயிருந்தாள். பதினான்கு வருடம் கழித்துக் கிடைத்த வேலை. பத்து நாள் பயிற்சி. பாதியில் கிளம்பினால் வேலை இல்லை. வீட்டில் முட்டி ஆபரேஷன் முடிந்து மூன்று வாரமான அவள் அம்மாவும், அவரைப் பார்த்துக்கொள்ள லீவு போட்ட நானும். கேமரா என்னைப் பார்த்துக்கொள்ள.

"நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள அது ஓடலைன்னா நான் பஸ் ஏறிடுவேன்" என்றாள் போனில். சொன்னால் ஏறுகிறவள்.

மறுநாள் காலையிலிருந்து மல்லுக்கட்டினேன். ஏணியில் ஏறி பிளக்கைப் பிடுங்கிச் செருகினேன். கேமராவின் பின்பக்கத் துளையில் ஊசியால் குத்தி ரீசெட் செய்தேன். பாஸ்வேர்டு ரூட்டரின் அடியில் ஒட்டியிருந்ததால் டின்னைத் திறந்து, பார்த்து அடித்தேன். பச்சை விளக்கு எரிந்தது. மனைவிக்கு 'முடிஞ்சது' என்று செய்தி அனுப்பிவிட்டு டின்னை மூடினேன். இரண்டே நிமிடத்தில் சிவப்பு. மூன்று முறை இதே கூத்து. கஸ்டமர் கேர் பெண், ரூட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். அலமாரி மேலே என்றேன். பொய் இல்லையே. புதுக் கேமரா வாங்கச் சொல்லி போனை வைத்துவிட்டார்.

நடுநடுவே அத்தைக்கு முட்டிப் பயிற்சி. அவர் காலை மடக்கி நீட்ட வேண்டும், நான் எண்ண வேண்டும். என் எண்ணிக்கையில் எட்டுக்குப் பிறகு மறுபடி ஆறு வரும். அத்தை முறைப்பார், அப்புறம் சிரிப்பு தாங்காமல் இன்னும் நாலு மடக்குவார்.

அத்தையிடம் ஒரு பழக்கம். எதைக் கேட்டாலும் பதிலுக்கு ஒரு கேள்விதான் வரும். காபி வேண்டுமா என்றால் பால் இருக்கிறதா என்பார். வலிக்கிறதா என்றால், வலிக்காமல் இருக்குமா என்பார்.

நாலாவது முறை பச்சை எரிந்து, நான் மூடியைக் கையில் எடுத்தபோது சோபாவிலிருந்து குரல் வந்தது.

"மாப்பிள்ளை, நீங்க ஸ்கூல்ல என்ன பாடம் எடுக்கறீங்க?"

"ஃபிசிக்ஸ், அத்தை."

"பெரிய கிளாசுக்கா?"

"ஆமா."

"ஓ" என்று மூடியையே பார்த்தார்.

அந்த 'ஓ' என் மண்டையில் இறங்க அரை நிமிடம் ஆனது. உலோகப் பெட்டிக்குள்ளிருந்து ரேடியோ அலை வெளியே வராது என்று இருபது வருடமாகக் கரும்பலகையில் படம் போட்டு விளக்குகிறேன். லீவு போடுவதற்கு முந்தின நாள்கூட அதற்காக ஒரு வகுப்பு முழுவதையும் இம்போசிஷன் எழுத வைத்தேன்.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே அத்தை?"

"வாத்தியாருக்கு நான் பாடம் எடுக்கறதா?"

ரூட்டரை வெளியே எடுத்து வைத்தேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், பச்சை அசையவில்லை. மனைவியைக் கூப்பிட்டு நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். சிரித்து முடித்ததும் கேமராவின் ஸ்பீக்கர் வழியாகவே பேசினாள்.

"டின்னுக்குள்ள ரூட்டரை வைக்கிற ஆளை நம்பி உன்னை எப்படிம்மா விட்டுட்டு இருக்கறது? நான் கிளம்பி வரட்டுமா?"

"டிக்கெட் கிடைக்குமா?" என்றார் அத்தை.

போச்சு. பதினான்கு வருடம் காத்திருந்த வேலை ஒரு பிஸ்கட் டின்னால் போகிறது. நான் அத்தைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"அத்தை, கேள்வி எதுவும் கேக்காம சொல்லுங்க. அவ வரணுமா, வேண்டாமா?"

அத்தை வாயைத் திறந்தார், மூடினார். கேமராவை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை.

"வேண்டாம் மாப்பிள்ளை. அவ முடிச்சிட்டே வரட்டும். அந்தக் கேமரா செத்துக் கிடந்தப்பவும் நீங்க என்னை நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க."