கிராணி வரைந்த இடுகாடு

மலேசியாவில் ஆயர் தாவாருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் செம்பனையாக மாறி வெகுகாலம் ஆயிற்று. இப்போது அதில் வீடுகள் கட்டப் போகிறார்கள். ஓரத்தில் இருந்த இடுகாட்டையும் கம்பெனி சேர்த்து மட்டமாக்கப் போகிறது என்று தெரிந்ததும், புனிதா ஈப்போவுக்கு வந்து சிவாஜினியின் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தாள். புனிதாவின் அம்மா காளியம்மாவை அங்கேதான் புதைத்திருந்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியையான சிவாஜினியின் தாத்தா விஸ்வலிங்கம் வெள்ளைக்காரன் காலத்தில் அந்தத் தோட்டத்துக் கிராணி. ஆபீஸ் எழுத்து வேலை முழுவதும் அவர் கையில்தான் இருந்தது.

“தோட்டத்து ரெக்கார்டு எல்லாம் ஜப்பான்காரன் சண்டையில எரிஞ்சிருச்சாம் டீச்சர். அங்க இடுகாடே இல்ல, பிறகு வந்தவங்க சும்மா புதைச்சதுன்னு கம்பெனிக்காரன் சொல்றான்லா. உங்க வீட்டுல ஏதாச்சும் இருக்குமா?”

இருந்தது. தாத்தாவின் நாட்குறிப்புகளுக்கு நடுவே அவர் கையால் வரைந்த தோட்டப் படம். ஆற்றையொட்டி ஒரு கட்டம். அதற்குள் ‘கூலிகள் இடுகாடு’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்.

புனிதா அந்த எழுத்தைத் தடவிப் பார்த்தாள். “இது போதும்லா டீச்சர்.”

படத்தை மட்டும் கொடுத்தால் நேற்று வரைந்தது என்பார்கள் என்று நினைத்து, சிவாஜினி நாட்குறிப்புகளையும் சேர்த்தே புனிதா தரப்பு வழக்கறிஞர் ஜெயபாலனிடம் ஒப்படைத்தாள். நூறு வருஷத்துப் பழைய தாள். அதை யாரால் மறுக்க முடியும்?

நீதிமன்றத்தில் யாரும் மறுக்கவில்லை. கம்பெனியின் வழக்கறிஞர் அதை நன்றியோடு வாங்கி, ஒரு பக்கத்தை நிதானமாக வாசித்தார்: ‘கூலிகள் கேளாமலே ஆற்றோரம் பிணம் புதைக்கிறார்கள். நிலம் கம்பெனியுடையது. இது உரிமையாகிவிடாது என்று கங்காணியிடம் எச்சரித்தேன்.’

சிவாஜினி அந்த வரியை முன்பே படித்திருந்தாள். இடுகாடு அத்தனை பழையது என்பதற்கு அதுவும் சாட்சி என்றுதான் நினைத்தாள்.

தடையுத்தரவு கிடைக்கவில்லை. எலும்புகளை எடுத்துக்கொள்ள மாதக் கடைசி வரை விட்டார்கள். நீதிமன்ற வாசலில் சிவாஜினி புனிதாவின் கையைப் பிடித்தாள். “என்னை மன்னிச்சிடும்மா. தாத்தா அப்படிப்பட்ட மனுசர் இல்ல.”

“அவர் பொய் எழுதலையே டீச்சர். எங்களை அப்படித்தான் பார்த்தாங்க.” புனிதா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

அவர்கள் தோண்டப் போவதற்குள் இயந்திரம் ஒருமுறை உள்ளே வந்து போயிருந்தது. கற்களும் சிலுவைகளும் வேலியோரம் குவிந்து கிடந்தன. புனிதாவின் அப்பா இராமசாமி ஓரிடத்தைக் காட்டினார்; பிறகு இன்னோரிடத்தை. எங்கு தோண்டினாலும் செம்மண்தான். சிவாஜினி படத்தின் நகலை விரித்துப் பார்த்தாள். அந்தக் கட்டத்துக்குள் ஒரு குழிகூடத் தனியாகக் குறிக்கப்படவில்லை.

“போதும் அப்பா. போலாம்,” என்றாள் புனிதா.

“உங்கம்மா இங்கதானே இருக்கா,” என்று கிழவர் மறுபடியும் மண்வெட்டியை எடுத்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை.