முப்பத்தொரு குடும்பத்துக்கு ஒரே ஊர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுத வேண்டும் என்று எனக்கு ஆசையெல்லாம் வரவில்லை. திருப்பூரில் இருக்கும் என் மகன் பாலன் போன் செய்தான். "அப்பா, பாப்பாவுக்கு மொட்டை போடணும். நம்ம குலசாமி எந்த ஊர்னு ரெண்டு வரியில எழுதி வாட்ஸ்அப்ல அனுப்புங்க."

கோத்தகிரியில் ஒரு தேயிலை ஃபாக்டரியில் இருபத்தெட்டு வருடம் பச்சை இலைக்கு எடை எழுதியவன் நான். இரண்டு வரி எழுத வராதா? சட்டைப்பையில் பேனா, மேசையில் காகிதம், பக்கத்தில் டீ. மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் முயற்சி: நம் குலசாமி முசிறிப் பக்கம் வேலாம்பாறை என்னும் (அடித்துவிட்டேன்).

இரண்டாம் முயற்சி: நம் குலசாமி எங்கே இருக்கிறது என்பது யாருக்கும் (இதையும்).

மூன்றாம் முயற்சி: 1970ஆம் வருடம், இலங்கை மலைநாட்டில், ஒரு தோட்டத்தின் பிரட்டுக்களத்தில் மழை பெய்துகொண்டிருந்தது.

மழையை மட்டும் எடுத்துவிடுங்கள். அன்று மழை பெய்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் அப்போது பிறக்கவே இல்லை. மற்றதெல்லாம் சரி. பிரட்டுக்களம் என்பது காலையில் தோட்டத்து ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடம்.

2

கதைக்கு நாயகர் என் அப்பா. ஆனால் 'அப்பா' என்று எழுதினால் அடுத்த வரிக்குள் கண் கலங்கிப் பேனா நின்றுவிடுகிறது. அதனால் எல்லப்பன் என்று பெயரைச் சொல்லியே எழுதுகிறேன். மரியாதைக் குறைவுதான், மன்னிப்பார்.

எல்லப்பனைப் பெற்றவர்கள் காய்ச்சலில் சீக்கிரமே போய்விட்டார்கள். தூக்கி வளர்த்தது தாத்தா ஆண்டி. இளவட்டமாக இருந்தபோது தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறியவர். எந்த ஊரிலிருந்து என்பதை மட்டும் சாகும்வரை வாயைத் திறந்து சொல்லவில்லை. கேட்டால், "சோத்துக்கு இல்லாம ஓடியாந்த ஊரு. அந்தப் பேரக் கேட்டு என்னா செய்யப் போற?" என்பார்.

தாத்தா போய் நாலு வருடம் கழித்து, இந்தியாவுக்குத் திரும்ப விரும்புகிறவர்கள் மனுப் போடலாம் என்று ஃபாரம் வந்தது. அதில் 'இந்தியாவில் பூர்வீக ஊர்' என்று ஒரு கட்டம். தோட்டத்துப் பள்ளிக்கூட மாஸ்டர் சில்வஸ்டர், பிரட்டுக்களத்தில் ஒரு மேசையைப் போட்டு எல்லாருக்கும் எழுதிக் கொடுத்தார். வரிசையில் முதல் ஆள் பரமசிவன். "முசிறிக்குப் பக்கத்துல வேலாம்பாறைங்க மாஸ்டர்" என்று பளிச்சென்று சொன்னார். இரண்டாவது ஆள் எல்லப்பன்.

"தெரியாதுங்க மாஸ்டர்."

"தெரியாதுன்னு எழுத இதுல எடம் இல்லையேப்பா. சும்மா விட்டா திருப்பி அனுப்பிருவாங்க."

எல்லப்பன் தலையைச் சொறிந்தார். மாஸ்டர் அவர் முகத்தைப் பார்த்தார், மேலே இருந்த பரமசிவன் ஃபாரத்தைப் பார்த்தார், வேலாம்பாறை என்று எழுதினார். பின்னால் நின்றவர்கள் காதில் அது விழாமல் இருக்குமா? "எனக்கும் அதையே போட்டுருங்க மாஸ்டர்!" மத்தியானத்துக்குள் முப்பத்தொரு குடும்பமும் வேலாம்பாறைக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

(இடையில் ஒன்று: வீரம்மா என்று ஒரு பெண்ணுக்குத் தன் ஊர் நன்றாகவே தெரியும். அவரும் வேலாம்பாறை என்றுதான் எழுதச் சொன்னார். "ஒரே ஊருன்னா ஒண்ணா அனுப்புவாங்கல்ல?" என்று கேட்டாராம். அனுப்பவில்லை. ஒரு குடும்பம் கூடலூருக்கு, ஒன்று கோத்தகிரிக்கு, ஒன்று வால்பாறைக்கு என்று பிரிந்து போனார்கள்.)

3

சில்வஸ்டர் மாஸ்டர்மீது எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு கதையில் இவ்வளவு நல்லவர் இருந்தால் வாசகர்களுக்கும் சந்தேகம் வரும். அதனால் ஒரு பிரதியில் ஃபாரத்துக்கு ஒரு கோழி வாங்கினார் என்று எழுதினேன். முப்பத்தொரு கோழி! மாஸ்டர் வீடே கொக்கரித்தது. எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"அந்த மனுசன் லயத்து வீடுகள்ல ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடிச்சதில்லன்னு ஒங்கப்பா சொல்லுவாரு. வாய் கூசலையாடா ஒனக்கு?"

கோழிகளை விரட்டிவிட்டேன்.

4

பிறகு கப்பல், மண்டபம் முகாம், கட்டபெட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் தினக்கூலி. இதை ஒரே வரியில் முடிப்பது அநியாயம்தான். ஆனால் முகாமைப் பற்றிக் கேட்டால் எல்லப்பன், "ஈ ஜாஸ்தி" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லமாட்டார். நானாக அளந்துவிட விருப்பமில்லை.

கட்டபெட்டில் அவருக்கும் கொழுந்தெடுக்க வந்த சின்னம்மைக்கும் கல்யாணம். எழுபத்தைந்தில் ஆண் குழந்தை. (நான்தான். என்னையும் 'குழந்தை' என்றே எழுதுகிறேன், கதைக்கு நல்லது.) தாத்தா பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று எல்லப்பன் பிடிவாதமாக நின்றார். வைத்தார்கள். ஆனால் புருஷனின் தாத்தா பெயரைச் சின்னம்மை எப்படிச் சொல்வாள்? ஆஸ்பத்திரியில் பெயர் கேட்ட நர்ஸ் தபித்தாளிடம், "பழனி மலை மேல நிக்கிறாரே, அவரு பேருதாங்க" என்றாள். அந்த அம்மா பழனிச்சாமி என்று எழுதிக்கொண்டார். இன்றுவரை ரேஷன் கார்டில் அதுதான்.

வீட்டிலோ சின்னம்மை குழந்தையைக் கூப்பிட்டது 'பெரியவரே' என்று. "பெரியவரே, மண்ணத் திங்காதீங்க." "பெரியவரே, கீழ எறங்குங்க, விழுந்துருவீங்க." பக்கத்து வீட்டு வேலாயி, "ஏனுங்க, உங்க பெரியவரு எங்க கோழியத் தொரத்தறாருங்க" என்று சொல்லிச் சிரிப்பாள். எல்லப்பன் மட்டும் சிரிக்கமாட்டார். அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் அவருக்குத் தாத்தா நடுவீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும்.

5

மூன்று வயது முடிவதற்குள் மொட்டை போட்டாக வேண்டும். எல்லப்பனுக்கு மனசில் ஒரே ஆசை. தாத்தாவின் பெயரைத் தாத்தாவின் சாமி முன்னால் ஒருவர் சத்தமாகக் கூப்பிட வேண்டும். வளர்த்த மனிதருக்கு ஒரு கல்லறைகூடக் கட்ட முடியவில்லை, அக்கரையில் விட்டுவிட்டு வந்தாயிற்று. இதையாவது செய்ய வேண்டும். கையில் இருந்த ஒரே ஊர்ப்பெயர் ஃபாரத்தில் இருந்ததுதான். அது வந்த கதையை அவர் சின்னம்மையிடம் சொல்லவே இல்லை.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு பஸ். குழந்தை இரண்டு முறை வாந்தி எடுத்தது. அப்புறம் மூன்று பஸ் மாறி வேலாம்பாறை. (ஊர்ப்பெயரை மாற்றியிருக்கிறேன். தேடாதீர்கள்.) பாறைக்கு அடியில் கருப்பசாமி, பூசாரி அழகர்சாமி.

"நீலகிரிங்களா?" என்று அவரே கேட்டார். "இந்த வருசத்துல நீங்க ஆறாவது குடும்பம். வாங்க, ஒக்காருங்க."

சின்னம்மைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தீங்களா, நம்ம சனம் எம்புட்டுப் பேரு!" என்றாள். எல்லப்பன் குனிந்து குழந்தையின் சட்டையைக் கழற்றத் தொடங்கினார். பரமசிவன் அவரிடம் என்றோ சொல்லியிருந்தார், அந்த ஊரிலிருந்து சிலோனுக்குப் போனது தன் பாட்டன் ஒருவர்தான் என்று. பூசாரிக்கும் அது தெரியாமலா இருக்கும்? முன்னால் வந்த ஐந்து குடும்பமும் எதுவும் கேட்கவில்லை. அவரும் எதுவும் சொல்லவில்லை.

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம். ஊரை விட்டுப் போனவரின் வாரிசு வந்தால், முடியிறக்கும் முன் பூசாரி பாறைமேல் ஏறி உடுக்கை அடித்து, போனவரைப் பெயர் சொல்லி மூன்று முறை கூப்பிடுவார். 'உன் பேரன் வந்திருக்கான், நீயும் வந்து சேரு' என்று அர்த்தம். நாவிதர் கத்தியை நனைத்துவிட்டார். குழந்தை சின்னம்மை மடியில் திமிறிக்கொண்டிருக்கிறது. அழகர்சாமி பாறைமேல் ஏறிவிட்டார்.

"பேரு என்னப்பா?"

"ஆண்டிங்க" என்றார் எல்லப்பன். உடுக்கையில் ஒரு அடி விழுந்தது. அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. "சாமி, கொஞ்சம் நிறுத்துங்க. இந்த ஊருன்னு நாங்க ஃபாரத்துல எழுதுனதுங்க. எங்க தாத்தா எந்த ஊருன்னு நெசமாவே எனக்குத் தெரியாது. இங்க கூப்புட்டா அவருக்குக் கேக்குமா?"

சின்னம்மை அப்போதுதான் முதல்முறையாக அதைக் கேட்கிறாள்.

6

இனி முடிவு. என்னிடம் மூன்று இருக்கிறது.

எல்லப்பன் சொன்னது: பூசாரி யோசிக்கவே இல்லை, "கேக்கும்" என்று சொல்லிவிட்டு மூன்று முறை கூப்பிட்டார்.

சின்னம்மை சொல்வது: பூசாரி வாயே திறக்கவில்லை, ரொம்ப நேரம் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டாரா என்றால், "நீ அழுத அழுகையில எனக்கு என்னாடா கேட்டுச்சு?" என்கிறாள்.

நான் எழுதியது: "கேக்காதுப்பா" என்று பூசாரி உண்மையைச் சொல்லி இறங்கிவிட்டார். இதை எழுதி முடித்துவிட்டு, எல்லப்பனை அந்தப் பாறையடியிலிருந்து பஸ் நிறுத்தம்வரை திருப்பி நடத்திக்கொண்டு போக வேண்டியிருந்தது. பாதி வழிகூடக் கூட்டிப்போக என்னால் முடியவில்லை. கிழித்துவிட்டேன்.

இப்போது எல்லப்பன் இல்லை, அழகர்சாமியும் இல்லை. இதோ, கைபேசியில் பாலன்: "அப்பா, டிக்கெட் போடணும், எந்த ஊர்?" பொய் எழுதிக் கொடுக்கவும் மனம் வரவில்லை, ஆண்டி என்ற பெயரை எந்த ஊர்க் காற்றிலும் கூப்பிடாமல் விடவும் மனம் வரவில்லை.

எனவே அந்த இடத்தை உங்களிடம் விட்டுவிடுகிறேன். பாறைமேல் ஏறி நில்லுங்கள், பார்த்து, வழுக்கும். உடுக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த ஊர் ஆள் இவர் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். கீழே நாலு பஸ் ஏறி வந்தவர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு உங்கள் முகத்தையே பார்க்கிறார். கேக்குமா, கேக்காதா?

சொல்லுங்கள் சாமி.