பிரசங்கத்துக்கு நடுவே அம்மாவின் பாட்டு

அம்மா இப்போதுதான் படுக்கப் போனாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. பயமாக இருக்கிறது, யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

எங்கள் இரும்புலியூர் சபையின் ஞாயிறு ஆராதனையை டெனிஸ் அண்ணாதான் இணையத்தில் ஒலியாக அனுப்புவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வேன். இன்று அவருக்குக் காய்ச்சல். காலையில் கூடுவாஞ்சேரியிலிருந்து போன் செய்தார்.

"அபி, இன்னிக்கு நீயே பாத்துக்கோ. பேச்சுன்னு செட் பண்ணி வெச்சிருக்கேன். எதையும் நோண்டாத."

"ஆயர் நடுவுல பாடுவாரேண்ணா?"

"அவர் பாடுறதுக்கு அது போதும்மா."

நாங்கள் அனுப்புவது ஓபஸ் என்ற ஒலிச்சுருக்க முறையில். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம். காது தேடாத சத்தங்களை எறிந்துவிட்டு, மிச்சத்தைச் சின்னதாக்கி அனுப்பும். கப்பலில் என்ஜின் வேலை பார்க்கும் அப்பாவுக்குக் நடுக்கடலில் கிடைக்கிற, நூல் மாதிரி மெலிந்த நெட்டில் அதனால்தான் போய்ச் சேருகிறது. ஆனால் அவ்வளவு சின்னதாக்கும்போது 'பேச்சு' என்று வைத்தால், பாட்டு குடத்துக்குள் பாடுவது போலாகிவிடும். 'தானாக' என்று வைத்தால் பேச்சா பாட்டா என்று அதுவே கண்டுபிடித்து மாறிக்கொள்ளும். எங்கள் பழைய லேப்டாப் அதைத் தாங்காமல் பாதியில் நின்றுவிடும் என்பது டெனிஸ் அண்ணாவின் கவலை. ஆராதனை தொடங்கிவிட்டால் மாற்றவும் முடியாது.

எங்கள் ஆயருக்கு ஒரு பழக்கம். பிரசங்கத்தில் ஏதாவது பாட்டு ஞாபகம் வந்தால், சபையில் யாரையாவது பெயர் சொல்லி எழுப்பிப் பாடச் சொல்லிவிடுவார். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா சபையில் பாடவே இல்லை. குரல் திரும்புமா என்று தெரியாமலேயே அப்பா கப்பலேறினார். இந்த வாரம் அவள் சமையலறையில் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஆயர் காதிலும் விழுந்திருக்கும்.

'தானாக' என்று மாற்றினேன்.

லேப்டாப் விசிறி இரைந்தது. நின்றுபோனால் வீட்டிலிருந்து கேட்கும் எல்லாருக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

"ஜான்சிம்மா, அந்தக் கீர்த்தனைய எடுங்க," என்றார் ஆயர், பிரசங்கத்தின் பாதியில் அம்மாவைப் பார்த்து.

அம்மா எழுந்தாள். முதல் அடியில் குரல் கரகரத்தது. மூன்றாம் அடிக்கு முன்னால் நின்று, எச்சில் விழுங்கிவிட்டு, மேலே ஏறினாள். கடைசிவரை பாடினாள். லேப்டாப்பும் நிற்கவில்லை.

சாயங்காலம் டெனிஸ் அண்ணா கூப்பிட்டார். "மாத்துனியா?"

"ஆமாண்ணா."

கொஞ்ச நேரம் இருமினார். "நானா இருந்தா மாத்தியிருக்க மாட்டேன். ஆன்ட்டி பக்கத்துல நின்னு பாடுன மாதிரி இருந்துச்சு. கிறிஸ்மஸுக்கும் நீயே உக்காரு."

அதுதான் இப்போது பயம். கிறிஸ்மஸ் என்றால் பாடகர் குழு, கிடார், டிரம்ஸ், அதே லேப்டாப். ஆனாலும் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

ராத்திரி சாப்பிடும்போது அப்பாவின் குரல் செய்தி வந்தது. "அபி, நல்லா கேட்டுச்சுடா. மெஸ்ல எல்லாரையும் கூப்ட்டு, எங்க வீட்டம்மான்னு சொன்னேன். நடுவுல எச்சி முழுங்குனா பாரு, அது கூட கேட்டுச்சு."

அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். "வேண்டாத சத்தத்தயெல்லாம் தூக்கிப் போட்டுரும்னு சொன்ன. இத மட்டும் ஏன்டி விட்டு வெச்சுது?"

நான் போனை அவள் பக்கம் தள்ளினேன்.

"சரி, அப்பா பேசுனத இன்னொரு வாட்டி போடு."