அண்டர் தி வெதர்

கஸ்தூரிரங்கனுக்கு வியாழக்கிழமை இதய வால்வை மாற்றப் போகிறார்கள். சொந்தபந்தம் அத்தனைக்கும் தெரியும். டொரண்டோவில் இருக்கும் ஒரே பிள்ளை ஸ்ரீநாத்துக்கு மட்டும் தெரியாது.

"இன்னிக்காவது சொல்லிடுங்கோ," என்றாள் மனைவி அபயாம்பாள். "ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அவன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

மயிலாப்பூரில் அந்த வீட்டுக்கு ஒரு பழக்கம். சாம்பாரில் உப்பு கூடினால் தமிழில் கத்துவார்கள். மனசில் இருப்பதைச் சொல்வதென்றால் இங்கிலீஷ்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கஸ்தூரிரங்கன் மனைவியிடம் காட்டிய பிரியமெல்லாம் ஒரு 'தேங்க்ஸ்'தான். வியாதிக்கும் அப்படி ஒன்று வைத்திருந்தார்: 'அண்டர் தி வெதர்'. ஜலதோஷம், லேசான ஜுரம், ஒருநாள் அசதி என்றால் அதைச் சொல்லலாம். ரெண்டு படி ஏறினாலே மூச்சு வாங்குகிற மனுஷன் சொன்னால் அது சுத்தப் புளுகு. ஆனால் சௌகரியத்தைப் பாருங்கள், அதைக் கேட்டபிறகு யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை!

ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோவில் ஸ்ரீநாத் வந்தான்.

"உடம்பு எப்படி இருக்குப்பா?"

"கொஞ்சம் அண்டர் தி வெதர். வேற ஒண்ணுமில்லே."

அபயாம்பாள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"நீ ஏன்டா இளைச்சுப் போயிருக்கே? கண்ணெல்லாம் உள்ளே போயிருக்கு?"

"நானும் அண்டர் தி வெதர்தான்பா. வேற ஒண்ணுமில்லே."

கஸ்தூரிரங்கனுக்குச் சுருக்கென்றது. அந்த வார்த்தையை எதற்குச் சொல்வார்கள் என்று அவருக்கா தெரியாது? பிள்ளை அப்பனைக் கொண்டிருக்கிறான், போயும் போயும் இதிலா!

"தமிழ்ல சொல்லுடா. என்ன ஆச்சு?"

ஸ்ரீநாத் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. வேலை போய்விட்டதாம். தினமும் ஆபீஸுக்குக் கிளம்புகிற மாதிரி கிளம்பி லைப்ரரியில் உட்கார்ந்துவிட்டு வருகிறானாம். "உங்ககிட்ட எப்படிப்பா சொல்றது?" என்று குழந்தை மாதிரி அழுதான்.

"அசடு, அசடு. வேலைதானே போச்சு? நீ நன்னா இருந்தா போதும்டா எங்களுக்கு. நீதான்டா எங்களுக்கு எல்லாம்."

இதைத் தமிழில் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. ஆனால் சொன்னது எவ்வளவு நிம்மதியாக இருந்தது!

ஸ்ரீநாத் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தான். "அப்பா, இப்போ நீங்க சொல்லுங்கோ. நிஜமாவே எப்படி இருக்கேள்?"

அபயாம்பாள் கூடத்துக்கு வந்து நின்றாள். கஸ்தூரிரங்கன் கையை நீட்டினார். அவள் கிட்டே வந்து பிடித்துக்கொண்டாள்.

"வியாழக்கிழமை எனக்கு ஆபரேஷன்டா," என்றார். "பயமா இருக்கு."