பேனரில் கடைசி வரி

அப்பாவின் கண்ணீர் அஞ்சலி பேனரில் காலேஜ் பேரையும் போடச் சொன்னது அம்மாதான். மும்பை தாராவியில் எங்கள் ஆட்கள் வீட்டில் சாவு என்றால் பந்தலுக்கு முன்னால் பேனர் வந்துவிடும். நடுவில் இறந்தவர் படம். கீழே துயரத்தில் வாடுவோர் என்று மனைவி, மக்கள், மாமன், மச்சான், ஊர்ச் சங்கம். கடைசி வரியில் வேலை பார்த்த இடம். பெரிய இடமாக இருந்தால் அந்த வரி கொஞ்சம் பெரிய எழுத்தில் வரும். இதற்கெல்லாம் யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. துக்கத்துக்கு அனுமதி கேட்பார்களா?

அப்பா தனசீலன் வேலை பார்த்தது செம்பூரைத் தாண்டி டிராம்பே போகும் வழியில், ஒரு இன்டர்நேஷனல் பிசினஸ் ஸ்கூலில். அவருக்கு அது காலேஜ்தான். அங்கே குப்பை பிரிப்பதும், கேன்டீன் மிச்சத்தைத் தொட்டியில் போட்டு உரமாக்குவதும் அவர் வேலை. பூமியையும் மனிதர்களையும் காப்பாற்றுவதற்கு அந்த ஸ்கூலில் ஒரு கொள்கை உண்டு. வருஷா வருஷம் அதைப் பளபளவென்று புத்தகமாகப் போடுவார்கள். போன வருஷப் புத்தகத்தில் ஒரு முழுப் பக்கத்துக்கு அப்பா இருந்தார். பச்சை டீ-சர்ட், இரண்டு கை நிறைய உரம், வாயெல்லாம் பல். படத்துக்குக் கீழே, இவர்கள் எங்கள் குடும்பம் என்று இங்கிலீஷில் போட்டிருந்தது.

அந்தப் புத்தகத்தை அப்பா காட்டாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. அவருக்குச் சம்பளம் கொடுத்தது ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன். அதை நான் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "எங்க காலேஜ்" என்றுதான் சொல்வார். எனக்கு எரிச்சலாக வரும். அவர் முகத்தைப் பார்த்தால் அதற்கு மேல் பேசத் தோன்றாது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து, கேட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப்பில் நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்தப் புத்தகத்தில் இருந்ததைவிட நல்ல படம் அப்பாவுக்கு இல்லை. பிளெக்ஸ் கடை ஷாகிர் பாய் அதையே பெரிதாக்கிக் கொடுத்தார். நெஞ்சில் இருந்த ஸ்கூல் சின்னமும் பளிச்சென்று விழுந்தது. செவ்வாய் ராத்திரியே உடம்பு வந்ததும் அம்மா அந்தப் பச்சை டீ-சர்ட்டைத்தான் எடுத்துக் கொடுத்தாள். வேறு எதற்கும் சம்மதிக்கவில்லை. அப்பாவுக்கு அதைப் போட்டுவிட்டுப் பெட்டியில் வைத்தோம்.

மறுநாள் நாலு மணிக்கு அடக்கம். கோயிலில் இருந்து வந்தவர்கள் ஜெபம் முடித்துவிட்டுப் பெட்டியை மூடலாமா என்று கேட்டார்கள். அம்மா விடவில்லை.

"கொஞ்சம் பொறுங்கய்யா. காலேஜ்ல இருந்து வருவாவ. அவிய மொகத்தப் பாத்த பொறவு மூடலாம்."

வரமாட்டார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அம்மாவிடம் அதை எப்படிச் சொல்வது? எங்கள் அம்மா சவரியம்மாள் ஒன்றை நம்பிவிட்டால் பாதிரியார் வந்து சொன்னாலும் கேட்கமாட்டாள்.

ஆனால் வந்தார்கள். பந்தல் வாசலில் ஒரு கார் நின்று, அதிலிருந்து ருக்கு மேடம் இறங்கினார். மாட்டுங்காவில் வீடு. அந்தக் கொள்கைப் புத்தகத்தைத் தயாரிக்கிறவர். அப்பாவைப் படம் எடுத்ததும் அவர்தான்.

அம்மா எழுந்து ஓடினாள். காலையிலிருந்து எழுந்திருக்காதவள்.

"ஏட்டி சுஜா, காலேஜ்ல இருந்து மேடம் வந்திருக்காவ பாரு! நாக்காலிய எடுத்துப் போடுட்டி. அவிய எப்பவும் ஒங்களப் பத்தித்தான் மேடம் பேசுவாவ."

ருக்கு மேடம் பெட்டி அருகில் நின்று அழுதார். பொய் அழுகை இல்லை. அப்பா போட்டிருந்த பச்சை டீ-சர்ட்டைப் பார்த்ததும் இன்னும் அழுதார். எனக்கே வெட்கமாகிவிட்டது. ஊரில் எல்லோரையும் சந்தேகப்படுகிற புத்தியை எங்கிருந்து வாங்கினேன் என்று நினைத்துக்கொண்டேன்.

கடுங்காப்பி குடித்துவிட்டு, அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சுஜா, தப்பா எடுத்துக்கப்படாது. பேனர்ல ஸ்கூல் பேர் போட்டிருக்கேளே... யாரோ போட்டோ எடுத்து குரூப்ல போட்டுட்டா. டைரக்டர் ஆபீஸ்ல ஒரே ரகளை."

"ஏன் மேடம்?"

"அவர் ஏஜென்சி ஸ்டாஃப் இல்லையா? நம்ம ஸ்டாஃப்னு ஆயிடும்னு பயப்படறா. அதோட பிளெக்ஸ் பிளாஸ்டிக். நம்ம பாலிசில பிளெக்ஸ்ல பேர் வரவே கூடாது. அடுத்த வாரம் வெளிநாட்டுலேர்ந்து இன்ஸ்பெக்ஷனுக்கு வேற வரா. அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துட்டா போறும்மா."

என் அப்பா மக்கிப் போவார், பேனர் மக்காது. அதுதான் அவர்கள் கவலை. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்க அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க மேடம்."

"என்னால முடியாதும்மா. நான் என்ன பண்ணட்டும், என்னைத்தானே அனுப்பறா. தமிழ் தெரிஞ்சவ நான்தான்னு."

கத்தியிருக்கலாம். தெருவே கூடியிருந்தது, கத்தினால் எனக்காகப் பத்துப் பேர் வந்திருப்பார்கள். ஆனால் அப்பா உள்ளே கிடக்கும்போது அவருடைய காலேஜ் பேரைச் சொல்லி வாசலில் சண்டை போட மனசு வரவில்லை. அம்மா கேட்டுவிடுவாளே என்ற பயமும் இருந்தது. ஷாகிர் பாய் கடையில் வெள்ளைத் தாளும் டேப்பும் வாங்கிக்கொண்டு, ருக்கு மேடம் உட்கார்ந்திருந்த நாற்காலியையே போட்டு ஏறி, கடைசி வரியின் மேல் ஒட்டினேன்.

இறங்கித் திரும்பினால் பின்னால் அம்மா நிற்கிறாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கடைசி வரி யாருடையது என்று அவளுக்குத் தெரியும், அவள் சொல்லிப் போட்ட வரி அது. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ருக்கு மேடத்தைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"அப்ப நீங்க அவியளப் பாக்க வரலியா, மேடம்?"

அம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

உள்ளே போய் எல்லோரையும் வெளியே அனுப்பினாள். என்னை மட்டும் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னாள். டிரங்குப் பெட்டியிலிருந்து அப்பாவின் கிறிஸ்துமஸ் சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். டீ-சர்ட்டைக் கழற்றப் பார்த்தோம், முடியவில்லை. கை விறைத்துப் போயிருந்தது. அம்மா தையல் மிஷின் மேலிருந்த கத்திரிக்கோலை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

கழுத்துப் பக்கத்திலிருந்து வெட்ட ஆரம்பித்தேன். அம்மா அப்பாவின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டாள்.

"மெதுவா வெட்டுட்டி" என்றாள். "அவியளுக்கு வலிக்கும்."